'எக்கோ நார்மல்' என்று அத்தையிடம் சொன்னேன்

எக்கோ அறையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்போம். இருட்டில்தான் திரை தெளிவாகத் தெரியும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இடது கையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ஜெல்லின் சில்லிப்புக்கு ஒரு தடவை உடம்பைக் குலுக்கிவிட்டு, வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான்: “அடைப்பு ஏதாச்சும் இருக்காம்மா?”

நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் எக்கோ டெக்னீஷியன். 14 வருடமாகிறது. இதயத்தை ஒலியலையால் படம் பிடித்து, அளவுகளை எடுத்து வைப்பது என் வேலை. பார்த்துக் கையெழுத்துப் போடுவது டாக்டர். அந்தக் கேள்விக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், “டாக்டர் சொல்வாங்க.” உண்மையான பதிலைச் சொல்ல ஆரம்பித்தால் ஒருவருக்கே கால் மணி நேரம் ஆகிவிடும். வெளியே 20 பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தை என் அத்தைக்குக்கூட நான் ஒதுக்கவில்லை. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அத்தைக்கு அப்போது 61 வயது. அப்பாவின் தங்கை. மாமா பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுனுக்குள் தெப்பக்குளம் பக்கம் குடிவந்துவிட்டார்கள். வீட்டு மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். மாதம் தவறாமல் சங்கடஹர சதுர்த்திக்கு அத்தை படியேறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருவார். 400 படிகளுக்கு மேல். எட்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அவ்வளவுதான், மற்றபடி ஓரிடத்தில் உட்காராத மனுஷி.

ஒரு நாள் சாயங்காலம் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே சொன்னார். “இந்தத் தடவை தாயுமானவர் சந்நிதிகிட்டயே உட்கார்ந்துட்டேன் கண்ணு. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. கீழ்த்தாடை வரைக்கும் ஒரு இழுப்பு. அஞ்சு நிமிஷத்துல சரியாப் போயிடுச்சு. வாயுதான். முந்தின நாள் மொச்சை சாப்பிட்டேன்ல.”

நான் விடவில்லை. மறுநாளே எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். ஈசிஜி எடுத்தோம், நார்மல். எக்கோவை நானே எடுத்தேன். அத்தையின் இதயத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வால்வுகள் நன்றாகத் திறந்து மூடின. சுவர்கள் ஒன்றுபோலச் சுருங்கின. இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 64 சதவீதம், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்னிலுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு, அதுவும் நார்மல். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஜெல்லைத் துடைத்துக்கொள்ள டவலைக் கையில் கொடுத்துக்கொண்டே, “நல்லா இருக்கு அத்தை. எக்கோ நார்மல்” என்றேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “எதுக்கும் ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் பண்ணிடலாம்” என்று எழுதித்தான் கொடுத்தார். அத்தை போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “நம்ம பொண்ணே பார்த்துட்டா, ஹார்ட்ல ஒண்ணும் இல்லையாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வற்புறுத்தவில்லை. நான்கு மாதம் ஓடிப்போனது.

அந்த ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி வரிக்கு முந்தின வரி: “நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ. அட் ரெஸ்ட்.” இந்தியாவில் நீங்கள் எங்கே எக்கோ எடுத்தாலும் அனேகமாக இந்த வரி இருக்கும். வீட்டில் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது இதயச் சுவரின் எந்தப் பகுதியும் அசைவில் பின்தங்கவில்லை என்று அர்த்தம். 'அட் ரெஸ்ட்' என்ற அந்த இரண்டு சொற்களை நோயாளிகள் படிப்பதில்லை. தினமும் அதை டைப் அடிக்கிற நான்கூட அன்றைக்குப் படிக்கவில்லை.

எக்கோவில் அடைப்பு தெரியுமா? நேராகத் தெரியாது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. பெரிய குழாயே மூன்று, நான்கு மில்லிமீட்டர் குறுக்களவுதான். அது ஒவ்வொரு துடிப்புக்கும் வளைந்து நெளிந்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோப் என்கிற கைக்கருவியை நெஞ்சின் மேல் வைத்து அதை முழு நீளத்துக்குப் பின்தொடர்ந்து, எங்கே குறுகியிருக்கிறது என்று சொல்ல வழக்கமான எக்கோவால் முடியாது. குழாய் ஆரம்பிக்கிற இடம் மட்டும் சிலருக்குத் தெரியும், அதுவும் படம் நன்றாக அமைந்தால்.

நாங்கள் பார்ப்பது குழாய் பாயும் வயலை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் வரப்பில் நின்றே பயிரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் இல்லையா, அந்த மாதிரி. இடது கீழறையின் சுவரை 17 துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு துண்டும் எந்தக் குழாயின் பாசனம் என்று ஏறக்குறைய தெரியும். முன்சுவர், இரண்டு அறைகளுக்கும் நடுவேயுள்ள தடுப்பின் முன்பாதி, நுனி ஆகியவை எல்.ஏ.டி. என்கிற முன்குழாயின் பங்கு. அடிச்சுவர் பெரும்பாலும் வலது குழாயுடையது. பக்கச்சுவர் சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்கிற சுற்றுக்குழாயுடையது. ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் போடுவோம். நன்றாகச் சுருங்கினால் 1, மந்தமாக இருந்தால் 2, சுருங்கவே இல்லை என்றால் 3, மற்றவை உள்ளே வரும்போது அது மட்டும் வெளியே பிதுங்கினால் 4. இந்தத் தேர்வில் குறைந்த மதிப்பெண்தான் நல்லது.

இதில் கண் ஏமாறுவதற்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சுவர் நகர்வதைப் பார்க்காதே, தடிப்பதைப் பார். செத்துப்போன சுவர்கூட பக்கத்துச் சுவர் இழுக்கிற இழுப்பில் உள்ளே வரும். பார்க்க வேலை செய்கிற மாதிரியே இருக்கும். உயிருள்ள தசை சுருங்கினால் தடிக்கும். 9 மில்லிமீட்டர் சுவர் 12, 13 என்று ஆகும். இழுபட்டு வருவது அப்படியே மெலிசாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வருடம் எனக்கு இது பிடிபடவே இல்லை.

ரத்தம் நின்றால் சுவர் நிற்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. எக்கோ என்ற கருவியே இல்லாத காலத்தில், 1935-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டெனன்ட், விக்கர்ஸ் என்ற இருவர் நாயின் கரோனரி குழாயைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே பிதுங்க ஆரம்பித்துவிட்டது. பிற்பாடு தெரியவந்த விஷயம் இன்னும் முக்கியமானது. ரத்தம் பற்றாமல் போகும்போது இதயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக மாற்றங்கள் நடக்கின்றன. முதலில் தசை தளர்வது கெடும். அப்புறம் சுருங்குவது கெடும். அதற்கும் அப்புறம்தான் ஈசிஜி மாறும். நெஞ்சு வலி வரிசையில் கடைசி. சிலருக்கு, முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, அது வராமலே போகலாம். அதாவது ஈசிஜியும் வலியும் சொல்வதற்கு முன்னாலேயே சுவர் சொல்லிவிடும். சொல்கிற நேரத்தில் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் அத்தையைப் பார்த்தபோது அவர் ஏ.சி. அறையில், மெத்தையில், சாய்ந்து படுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர். குழாய்க்குள் உப்புப் படிந்து பாதி அடைத்திருக்கும். சமையலறைக் குழாயை மட்டும் திறந்தால் ஒரு குறையும் தெரியாது. குளியலறை, தோட்டம், சமையலறை மூன்றையும் ஒன்றாகத் திறந்தால்தான் நூல் மாதிரி ஒழுகும். கரோனரி குழாயும் அப்படித்தான். 1974-ல் லான்ஸ் கௌல்ட் என்பவர் நாய்களில் அளந்து காட்டியது இன்றைக்கும் பாடம். குறுக்களவில் பாதி அடைத்தால், உச்ச வேகத்தில் ஓட வேண்டிய ரத்தம் குறைய ஆரம்பிக்கும். ஆனால் ஓய்வில் ஓடுகிற ரத்தம் சுமார் 85 சதவீதம் அடைக்கிற வரைக்கும் குறைவதே இல்லை. அடைப்புக்குக் கீழேயுள்ள சின்னக் குழாய்கள் விரிந்துகொடுத்துச் சமாளித்துவிடுகின்றன. படியேறும்போது இதயம் கூடுதலாகக் கேட்கும். அவை ஏற்கெனவே விரிந்துவிட்டன, மேற்கொண்டு விரிய இடம் இல்லை. மலைக்கோட்டையில் பாதி வழியில் நெஞ்சில் கல் ஏறுவது அதனால்தான். உட்கார்ந்தால் இறங்குவதும் அதனால்தான். அத்தை சொன்னது அச்சு அசலாக இதே கதை. அதை வாயில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, படுக்கவைத்து எடுத்த படத்தை நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சதுர்த்தியன்று மாமாவிடமிருந்து போன். படியில் உட்கார்ந்தவரால் பத்து நிமிடம் எழுந்திருக்க முடியவில்லை. யாரோ இரண்டு பிள்ளைகள் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவசரப் பிரிவில் எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. இதயத் தசை சேதமானால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். மாரடைப்பு வரவில்லை. வலியும் போய்விட்டது. அடுத்த நாள் ஸ்ட்ரெஸ் எக்கோ, அதாவது ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு உடனே எக்கோ எடுப்பது, செய்யலாம் என்றார் டாக்டர். வெறும் ட்ரெட்மில் போதாதா என்று மாமா கேட்டார். பெண்களுக்கு ட்ரெட்மில்லில் ஈசிஜி மட்டும் பார்த்தால் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடுவது அதிகம், படத்தோடு சேர்த்துப் பார்த்தால் நம்பகம் கூடும் என்று விளக்கினார்.

அத்தை வாழ்க்கையில் முதல்முறையாக என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மாமாவின் கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ட்ரெட்மில் பக்கத்தில் நின்றார். முதலில் படுக்கவைத்து ஓய்வில் நான்கு கோணங்களில் படம் எடுத்தேன். நான்கு மாதத்துக்கு முன் பார்த்த அதே அழகான இதயம். அப்புறம் ஏறச் சொன்னோம். முதல் மூன்று நிமிடம் மெதுவாக, 10 சதவீதச் சரிவு. சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடந்தார். அடுத்த கட்டம் மணிக்கு 4 கிலோமீட்டர், 12 சதவீதச் சரிவு. பேச்சு நின்றது. 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரைக்கும் நாடித்துடிப்பு போக வேண்டும் என்பது கணக்கு. அத்தைக்கு 135. ஐந்தாவது நிமிடம் 138-ஐத் தொட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். “கண்ணு, அதே கல்லு.”

அங்கிருந்து எல்லாமே ஓட்டம்தான். மெஷினை நிறுத்தியதிலிருந்து ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கு படங்களையும் எடுத்துவிட வேண்டும். இதயம் ஆறிவிட்டால் சுவர் பழையபடி ஆகி, கிடைக்க வேண்டியது கைவிட்டுப் போய்விடும். ட்ரெட்மில்லுக்கும் கட்டிலுக்கும் நான்கு எட்டு தூரம். படுத்ததும் ப்ரோப்பை வைக்கிறேன், நெஞ்சு ஏறி இறங்குகிறது, நுரையீரல் வந்து மறைக்கிறது. “மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க அத்தை. இன்னும் கொஞ்சம். இப்ப விடுங்க.” என் கை நடுங்கியது என்று டாக்டர் பிறகு சொன்னார். 50 நொடியில் நான்கு படமும் கிடைத்தன.

திரையில் ஓய்வுப் படமும் ஓட்டப் படமும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தாளத்துக்குத் துடிக்கும்படி ஓடும். உழைப்புக்கு அப்புறம் நல்ல இதயம் என்ன செய்யும் என்றால், எல்லாச் சுவரும் முன்பைவிட வேகமாக, பலமாகத் தடிக்கும், உள்ளே இருக்கிற அறை சின்னதாகும். அத்தையின் படத்தில் பக்கச்சுவரும் அடிச்சுவரும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தன. தடுப்பின் கீழ்ப்பாதியும் நுனியும் மட்டும் நின்றுபோயிருந்தன. கும்மியடிக்கும் வட்டத்தில் எல்லோரும் குனிந்து கை தட்டும்போது நான்கு பேர் மட்டும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. அறை சின்னதாக வேண்டியதற்குப் பதில் பெரிதாகி, நுனி உருண்டையாகிவிட்டது. எல்.ஏ.டி. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈசிஜியில் அரை மில்லிமீட்டர் இறக்கம், அதை மட்டும் வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆறு நிமிடம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன். சுவர் ஒன்றுமே நடக்காத மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தது.

வெளியே காத்திருந்த மாமாவை உள்ளே கூப்பிட்டு டாக்டர் இரண்டு படங்களையும் காட்டினார். மாமா ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ப்ரோப்பைக் காட்டி, “இதுக்கும் ஜெல் தடவணுமா? நாங்க கிரீஸ் தடவுவோம்” என்றார். மாமா பெல்லில் பாய்லர் பைப் வெல்டிங்கை அல்ட்ராசோனிக் கருவியால் சோதிக்கிற பிரிவில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வேலையும் என் வேலையும் ஒன்று என்று அந்த நிமிடம் வரைக்கும் தோன்றியதே இல்லை. இரும்புக்கும் ப்ரோப்புக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது, அதனால் கிரீஸ். தோலுக்கு ஜெல். இரும்பில் ஒலி நொடிக்கு சுமார் 5,900 மீட்டர் போகும், உடம்பின் தசையில் 1,540 மீட்டர். அவர் ஓரிடத்தில் அசையாமல் கிடக்கிற விரிசலைத் தேடினார், நான் துடித்துக்கொண்டிருக்கிற சுவரைப் பார்க்கிறேன்.

எக்கோ பிறந்ததே அப்படி ஒரு இடத்தில்தான். சுவீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்று ஓர் இதய மருத்துவர். மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகளை அறுவைக்கு அனுப்புவதற்கு முன்னால் வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ள அவருக்குச் சரியான வழி இல்லை. ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம் கேட்டார். ஹெர்ட்ஸின் அப்பா நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸ், பெரிய தாத்தா அலைவரிசை அளவுக்கே பெயர் தந்த ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். 1953-ல் அந்தப் பிள்ளை பக்கத்து ஊரான மால்மோவின் கோக்கும்ஸ் கப்பல் தளத்துக்குப் போய், உலோகத்தைச் சோதிக்க அங்கே வைத்திருந்த அல்ட்ராசோனிக் கருவியைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் துடிப்புக்கு ஏற்றபடி ஒரு கோடு அசைந்தது. அப்புறம் சீமன்ஸ் கம்பெனியின் கருவி ஒன்றை இரவல் வாங்கி, அந்த வருடம் அக்டோபர் 29-ம் தேதி இருவரும் இதயச் சுவர் அசைவை முதன்முதலில் பதிவு செய்தார்கள். 1977-ல் அவர்களுக்கு மருத்துவத்தின் பெரிய விருதுகளில் ஒன்றான லாஸ்கர் விருது கிடைத்தது. இதை மாமாவிடம் சொன்னபோது, ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துப் போடப்போகிற கவலைக்கு நடுவிலும், “கப்பல் தளமா!” என்று முகம் மலர்ந்தார். 

ஓடவிட்டுப் பார்க்கும் யோசனை அதற்கும் கால் நூற்றாண்டு தள்ளித்தான் வந்தது. 1979-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஹார்வி ஃபைகன்பாம் என்ற இதய மருத்துவரின் குழுவில் இருந்த வான் என்பவரும் கூட இருந்தவர்களும் உழைப்பின்போது எடுத்த இருபரிமாண எக்கோவைப் பற்றி எழுதினார்கள். படம் டேப்பில் இருந்த காலம் அது. மூச்சிரைப்புக்கு நடுவில் ஆடுகிற படத்தை முன்னே பின்னே ஓட்டி ஒப்பிடுவது பெரும் பாடு. கம்ப்யூட்டர் வந்து ஒரு துடிப்பை மட்டும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சோதனை மருத்துவமனைகளில் வேரூன்றியது.

முழங்கால் தேய்ந்தவர்களும், மூச்சு முட்டுகிறவர்களும், நடக்கவே முடியாதவர்களும் என்ன செய்வது? அவர்களுக்கு டோபுடமின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவோம். உடல் எடைக்குக் கணக்குப் போட்டு 5-லிருந்து 40 மைக்ரோகிராம் வரைக்கும், மூன்று நிமிடத்துக்கு ஒரு படி. படுத்தபடியே இதயம் மலை ஏறும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மாரடைப்புக்குப் பிறகு அசையாமல் கிடக்கிற சில சுவர்கள் குறைந்த அளவு மருந்துக்கு மெல்ல எழுந்து சுருங்கும். அளவு கூடினால் மறுபடி நின்றுவிடும். அது செத்த தசை இல்லை, ரத்தம் குறைந்ததால் உறங்குகிற தசை. இந்த உறக்கத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் மும்பையில் பிறந்த ஷஹாபுதீன் ரஹிம்தூலா. அப்படி ஒரு சுவர் எழுந்திருப்பதைத் திரையில் பார்க்கும்போது, பைபாஸ் செய்தால் இது பிழைக்கும் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும்.

ஸ்ட்ரெஸ் எக்கோவும் தெய்வ வாக்கு இல்லை. 100 அடைப்பாளிகளில் சுமார் 80 முதல் 85 பேரைத்தான் பிடிக்கும். குண்டானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் படமே சரியாகக் கிடைக்காது. நரம்பு வழியே நுண்குமிழி மருந்து கொடுத்து அறையின் விளிம்பைத் துலக்கிப் பார்க்கலாம், அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தால் துடிப்பு ஏறாமல் சோதனையே வீணாகலாம். அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்குள் மின்சாரம் போகும் இடது கிளையில் தடை (எல்.பி.பி.பி.) உள்ளவர்களுக்கும் இதய அறுவை ஆனவர்களுக்கும் நடுத் தடுப்பு எப்போதுமே கோணலாகத்தான் அசையும், அதை அடைப்பு என்று நினைத்துவிடலாம். இன்னொன்று, ரத்தத்தைத் தடுக்காத சின்னக் கொழுப்புப் படிவு எக்கோவில் தெரியவே தெரியாது. அதைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோ போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் போதுமான துடிப்புக்கு ஓடி முடித்த பிறகு எல்லாச் சுவரும் நன்றாக இருந்தால், அடுத்த ஒரு வருடத்தில் மாரடைப்போ இதயத்தால் மரணமோ வரும் வாய்ப்பு பெரும்பாலும் 100-க்கு ஒன்றுக்கும் கீழே. அது பெரிய ஆறுதல். படுத்துக்கொண்டு எடுத்த எக்கோவால் அந்த ஆறுதலைத் தர முடியாது.

அதற்காக ஓய்வு எக்கோ வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாரடைப்பின் தழும்பை, மெலிந்து வெளுத்த சுவரை, நுனியில் கட்டிய ரத்தக்கட்டியை, பலம் குறைந்த இதயத்தை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். வலி இருக்கும்போதே எடுத்தால் அதன் மதிப்பே வேறு. போன வருடம் ஒரு ராத்திரி லாரி ஓட்டுநர் ஒருவர், 42 வயது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈசிஜி இரண்டுங்கெட்டானாக இருந்தது. வலியோடு துடித்தபடி படுத்தவரின் பக்கச்சுவர் அசையவே இல்லை. ஈசிஜியில் ஒளிந்துகொள்வதில் பேர்போன இடம் அது. இருபது நிமிடத்தில் ஆஞ்சியோ செய்கிற கேத் லேபில் இருந்தார். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59 என்று இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியது. எங்கள் அறைக்கு வருகிற முகங்களைப் பார்த்தால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 

அத்தைக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். எல்.ஏ.டி.யின் நடுப்பகுதியில் 80 சதவீத அடைப்பு. ஒரு ஸ்டென்ட். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அன்னைக்கே உங்களை ட்ரெட்மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும் அத்தை” என்றேன். “போடி, நான்தானே போகல” என்றார். உண்மைதான், ஆனால் அவர் போகாததற்குக் காரணம் என் வாயிலிருந்து வந்த இரண்டு வார்த்தை.

இப்போதெல்லாம் ஜெல் தடவுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். எப்போது வலிக்கிறது, படியேறும்போதா, சாப்பிட்டுவிட்டு நடக்கும்போதா, உட்கார்ந்தால் போய்விடுகிறதா? பதிலை ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதி டாக்டருக்கு அனுப்புகிறேன். “நார்மலா?” என்று கேட்கிறவர்களிடம், “படுத்திருக்கும்போது நல்லா இருக்குங்க. நடக்கும்போது எப்படி இருக்குன்னு இதுல தெரியாது. டாக்டர் ட்ரெட்மில் எழுதினா மறக்காம பண்ணிடுங்க” என்கிறேன். அரை நிமிடம்தான் ஆகிறது. கால் மணி நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

ஆறு மாதம் கழித்து அத்தை மறுபரிசோதனைக்கு வந்தார். அதே கட்டில், அதே ஒருக்களிப்பு, ஜெல் பட்டதும் அதே குலுக்கல். எடுத்து முடித்துவிட்டு, அவர் வெளியே போன பிறகு, ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் நான் எடுத்த அந்த முதல் எக்கோவைத் தேடியெடுத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். இரண்டும் ஓய்வில் எடுத்தவை. தேதியையும் பெயரையும் கையால் மறைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டு, “இதுல எது அடைப்போட எடுத்தது, எது அடைப்பு எடுத்த பிறகு?” என்று கேட்டேன். இருட்டில் அந்தப் பிள்ளை திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு இதயமும் ஒன்றுபோலச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. “தெரியலைக்கா” என்றாள்.

“எனக்கும் தெரியாது” என்றேன்.